மர்டோ திருப்பி வைத்த வீடு

எல்ஜின், ஸ்காட்லாந்து
9 நவம்பர் 1874

எபிக்கு,

நீ செப்டம்பரில் எழுதியது வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரன் நம் வாசலில் நின்றாலே இந்தத் தெருவுக்கு மூக்கு வேர்த்துவிடும், உனக்குத்தான் தெரியுமே. இருட்டுவதற்குள் அடுக்களை நிறைந்துவிட்டது. கோயில் மூப்பர் இம்லா நேராகப் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ரொட்டிக்கடை ஜீன் அடுப்போரமாக இடம் பிடித்தாள். கெடஸ் வீட்டு எல்ஸ்பெத் பெரியம்மா வழக்கம்போலக் கதவோரம் நின்றாள். நீ கட்டும் வங்கிக் கோபுரத்தின் உயரத்தை நான் படித்ததும் இம்லா தொடையில் தட்டினார்.

"கல்லு உடைக்கிற டல்கார்னோ பையனா இது! நம்ம கோயில் கோபுரத்தைவிட உசரமால்ல கட்டறான்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது, இதைக் கேட்க அவர் இல்லையே என்று இருந்தது.

எல்லாரும் போன பிறகு எல்ஸ்பெத் பெரியம்மா மட்டும் நின்றாள். சால்வைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். கம்பளிக் காலுறை, ஒரு ஜோடி. "இது உன் தம்பிக்கு. என் பையன் பண்ணின காரியத்துக்கு வேற என்னத்த குடுக்க முடியும் என்னால? நம்பி ஒரு வேலய குடுத்தாரு, அவன் வீட்டையே திருப்பி வெச்சு அவரு பேரக் கெடுக்கப் பாத்தான். மன்னிச்சுக்கச் சொல்லு. மர்டோ உசுரோட இருக்கானான்னு மட்டும் ஒரு வார்த்த எழுதச் சொல்லு. முடிஞ்சா எதாச்சும் ஒரு வேல போட்டுக் குடுக்கச் சொல்லு, கல்லு சுமக்கிற வேலயானாலும் சரி" என்றாள்.

அவன் அங்கே போய் ஒரே ஒரு கடிதம்தான் எழுதினான், அறுபத்துமூன்றில். அவளுக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷமாக ஒரு வரி இல்லை. இங்கேயானால் சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளையைப் பார்த்து, "என்னடா, மர்டோ திருப்பி வெச்ச வீடா?" என்று கேட்கிறார்கள். நீ விளையாட்டாக எழுதிய ஒரு வரி, எபி, ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரியம்மா பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்ப்பதில்லை. அவளும் சேர்ந்து சிரிக்கிறாள், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

காலுறையை இதோடு அனுப்புகிறேன். நாலு நல்ல வார்த்தை எழுது.

உன் அக்கா,
கிரிசெல்

டனீடன், நியூசிலாந்து
14 ஜனவரி 1875

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் பொட்டலமும் கிடைத்தன. காலுறை அளவாக இருக்கிறது. திருமதி கெடஸுக்கு என் நன்றியைச் சொல். ஆனால் இனி இம்மாதிரி எதையும் வாங்கி அனுப்ப வேண்டாம். நான் யாரிடமும் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளற வேண்டும்?

மர்டோ எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. இது பெரிய நாடு. தங்கம் தோண்டப் போனவர்கள் எத்தனையோ பேர், யார் எங்கே என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. என் கடிதங்களை அடுக்களையில் வைத்து ஊரைக் கூட்டிப் படிப்பதை நிறுத்திவிடு. எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது. நான் என் அக்காவுக்கு எழுதுவது ரொட்டிக்கடைக்காரிக்கும் மூப்பருக்கும் எதற்கு?

வங்கிக் கோபுரத்தில் கடைசிக் கல் வைத்தாயிற்று. மலைமேல் கட்டப்போகும் புதிய தேவாலயத்துக்கும் என்னையே அமர்த்தியிருக்கிறார்கள். ஏழு பேர் போட்டியிட்டதில் என் படம்தான் நின்றது. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

எபனேசர்

எல்ஜின்
22 மார்ச் 1875

மதிப்பிற்குரிய கட்டடக் கலைஞர் டல்கார்னோ அவர்களுக்கு,

இப்படித்தானே இனி உன்னைக் கூப்பிட வேண்டும்? ஊரைக் கூட்டிப் படிக்காதே என்கிறாய். இந்த ஊர்தான் உன்னைக் கப்பலேற்ற வண்டி பிடித்துக்கொண்டு துறைமுகம் வரை வந்தது. கடல் தாண்டிப் போன பிள்ளைகளின் கடிதத்தை இங்கே எந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறார்கள்? உனக்கு எங்களைக் கண்டால் வெட்கமாக இருக்கிறது. கல்தச்சன் மகன் என்று அங்கே யாருக்கும் தெரியக் கூடாது. அப்படித்தானே? நேராகச் சொல்லிவிட்டுப் போயேன்.

உரக்கத்தான் படித்தேன். "ஊரைக் கூட்டி" என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டேன், உன் மானத்துக்காக.

பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. அடுப்பில் தீ இருக்கிறதா என்று கையை நீட்டித்தான் பார்க்கிறாள். போன வாரம் என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த வீட்டுக்கு அளவு நூலு கட்டின அன்னிக்கு அவன் குடிச்சிருந்தானான்னு உன் தம்பியக் கேட்டு எழுதும்மா. அவங்கப்பன் குடிச்சே செத்தான். அந்தக் கழுத புத்தி இவனுக்கும் வந்துட்டுதோன்னு தெரிஞ்சா போதும், என் மனசு ஆறிடும்."

நானும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மர்டோ அப்பாவிடம் ஒன்பது வருஷம் தொழில் படித்தவன். வீட்டைத் திருப்பி வைத்த கதையோடு உன் கடிதம் அந்த நாளில் வந்தபோது இம்லா விழுந்து விழுந்து சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. "மர்டோ முளை அடிச்ச எடத்த நான் ஒரு தடவகூடத் திரும்ப அளந்ததில்ல" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவர் மர்டோ பெயரையே எடுக்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அன்று புரியவில்லை. புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பதுதான் நிஜம்.

குடித்திருந்தானா இல்லையா? சுற்றி வளைக்காமல் எழுது.

கிரிசெல்

டனீடன்
27 மே 1875

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மலையுச்சியில் செவ்வாய்க்கிழமை முதல் பனி விழுந்தது. வீட்டுக்காரம்மாள் காலையும் இரவும் ஓட்ஸ் கஞ்சிதான் போடுகிறாள், நீ காய்ச்சுவதுபோல் வராது. தேவாலயத்துக்குக் கல் வரும் மலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளைக் கல், வெட்ட வெட்ட வெண்ணெய்போல் வழுக்குகிறது, வெயில் பட்டால் இறுகிவிடும். அப்பா பார்த்திருந்தால் தடவிக்கொண்டே நின்றிருப்பார். வங்கி மேலாளர் வீட்டில் விருந்து சாப்பிட்டேன், ஆட்டிறைச்சி. மழையில் என் குடை உடைந்துவிட்டது.

நான் உங்களைக் கண்டு வெட்கப்படுகிறேன் என்று எழுதியிருந்தாய். உங்களைக் கண்டு அல்ல.

அக்கா, இதற்கு மேல் உரக்கப் படிக்காதே. முதல் வரியிலேயே இதை எழுத நினைத்தேன். கை வரவில்லை. குடை, கஞ்சி என்று ஒரு பக்கத்தை ஓட்டிவிட்டேன்.

மர்டோ குடித்திருக்கவில்லை. மர்டோ எந்தத் தப்பும் செய்யவில்லை.

அறுபத்திரண்டில் நானும் அவனும் ஒரே கப்பலில் வந்து இறங்கினோம். இரண்டு மாதத்தில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. சபைக் கமிட்டி ஒன்று, நோய் தேறுபவர்களுக்கு ஒரு இல்லம் கட்ட நினைத்தது. ஒரு வாரத்தில் படம் வேண்டும் என்றார்கள். எல்ஜினில் பயிற்சியில் இருந்தபோது வரைந்த ஒரு வீட்டுப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே நகல் செய்தேன். பெரிய ஜன்னல்கள், படுக்கை அறைகள், நோயாளிகள் உட்காரும் கூடம் எல்லாம் தெற்கு பார்த்து. நம் ஊரில் வெயில் தெற்கேதான். வேறெங்காவது வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே சூரியன் வடக்கே நிற்கிறது, அக்கா. தெற்கிலிருந்து வருவது பனிக்கட்டிக் கடலின் காற்று மட்டும்தான்.

நூல் கட்டிய அன்று மர்டோ என்னிடம் வந்தான். காண்டிராக்ட்டும் அவனுடையது, அவனுக்கும் அதுதான் முதல் வேலை.

"எபி, இது திரும்பியிருக்கு."

"எது?"

"வீடேதான். பெரிய ஜன்னல் எல்லாம் தெக்க பாத்து நிக்குது. இந்த ஊருல வெயில் வடக்காலல்ல வருது? ரெண்டு மாசமா பாக்கறேன், மத்தியானத்துல என் நிழல் தெக்கால விழுது. திருப்பி வெச்சுடலாமா? முளைதான் அடிச்சிருக்கு, கடைக்கால் இன்னும் தோண்டல. அரை நாள் வேல."

கமிட்டிக்காரர்கள் இருவர் வேலிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் நின்றிருந்தார்கள். ஒரு கொத்தன் என்னை எபி என்று கூப்பிட்டது அவர்கள் காதில் விழுந்திருக்குமோ என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை. "மிஸ்டர் டல்கார்னோன்னு கூப்பிடு. படத்துல இருக்கறதக் கட்டறதுதான் உன் வேல" என்றேன்.

"சரி, மிஸ்டர் டல்கார்னோ" என்றான். அப்படியே கட்டினான். வேலை அவ்வளவு சுத்தம்.

முதல் குளிர்காலத்தில் கூடத்துச் சுவர் முழுக்கப் பாசி பிடித்தது. படுக்கையெல்லாம் பூஞ்சணம். தேற வந்த ஒரு தையல்காரப் பெண் இருமிக்கொண்டே திரும்பிப் போனாள். கமிட்டி எங்கள் இருவரையும் கூப்பிட்டது. கூட்டத்துக்கு முதல் நாள், திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லி மர்டோவிடம் இருந்த நகலை வாங்கி அடுப்பில் போட்டேன். என்னிடம் இருந்த மூலப் படத்தில் வடக்கைக் காட்டிய திசை அம்பைப் பேனாக்கத்தியால் சுரண்டி, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, தலைகீழாக வேறு அம்பு வரைந்தேன். இரண்டே கோடு. என் படம் வடக்கே பார்த்துத்தான் இருந்தது, கொத்தன்தான் முளையைத் திருப்பி அடித்துவிட்டான் என்று ஆகிவிட்டது.

மர்டோ அந்தப் படத்தை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். சுரண்டின இடம் அவனுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்தான். சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். "படத்துல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். நான் சொன்னேன், அவன் சொன்னான் என்று வாதாடினால் ஒரு கொத்தனை யார் நம்பப்போகிறார்கள் என்று நினைத்திருப்பான். பிறகு இந்த ஊரில் யாரும் அவனுக்கு ஒரு சுவர் வேலைகூடக் கொடுக்கவில்லை.

அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது என்று எழுதினேன், அதுவும் பொய். எட்டு மைலில், போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். அவனைக் கண்டால் நான் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். போன குளிர்காலத்தில் கடக்க வழியில்லாமல் எதிரே வந்துவிட்டான். எனக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான், அக்கா.

இப்போது அவன் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டுக் காலுறை பின்னி அனுப்புகிறாள். அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. இதை என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

எபி

எல்ஜின்
30 ஜூலை 1875

எபி,

உரக்கப் படிக்காதே என்று எழுதினாயே, அந்த வரியையும் உரக்கப் படித்துவிட்டேன். கண் ஓடின வேகத்தில் நாக்கும் ஓடிவிட்டது. "அக்கா, இதற்கு மேல் உரக்கப் படிக்காதே" என்று, மணியடித்தமாதிரி, அத்தனை பேர் நடுவில்.

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு இம்லா செருமினார். "என்ன கிரிசெல், தம்பிக்குக் கல்யாணமா? பொண்ணு யாரு, ரோமன் கத்தோலிக்கப் பொண்ணா?" எல்லாரும் சிரித்தார்கள். நான் அதற்குள் அடுத்த பத்தியைக் கண்ணால் படித்துவிட்டேன். அதற்கடுத்ததையும் படித்தேன். ஜீன் எழுந்து என் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்க வந்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன். உனக்கு மூலம் என்று சொன்னேன்.

உட்கார முடியவில்லையாம், ரத்தம் போகிறதாம் என்று இட்டுக்கட்டி முழு ஒரு பக்கம் படித்தேன். இம்லா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பெரிய கோபுரம் கட்டறவனுக்கு உக்கார ஒரு நாற்காலி இல்லயே!" என்றார். எல்ஸ்பெத் பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கதவோரத்திலிருந்து, "பாவம், வெந்நீர்ல உப்பப் போட்டு உக்காரச் சொல்லும்மா. மர்டோ அப்பாவுக்கு அதுலதான் கேட்டுது" என்றாள். என் நாக்கைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்கலாம்.

எல்லாரும் போன பிறகு அவள் கேட்டாள். "நான் கேட்டதுக்கு ஏதாச்சும் எழுதியிருக்காரா?"

ஒரு நிஜத்தையாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "குடிக்கலையாம் பெரியம்மா. அன்னிக்கு ஒரு சொட்டுகூடக் குடிக்கலையாம்" என்றேன்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "அப்போ தெளிஞ்ச புத்தியோடதான் பண்ணியிருக்கான்" என்றாள். சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் சொன்ன அந்த ஒரு நிஜமும் அவள் வயிற்றில் கத்தியாக இறங்கிவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்கிறாய். அங்கே அந்தக் கமிட்டியின் முன்னால் போய் நின்று சொல். பத்திரிகையில் போடு. அதற்கு முன்னால் மர்டோவிடம் போ. தெருவைக் கடக்காதே. நீ இதைச் செய்யாமல் நான் இங்கே வாயைத் திறந்தால், தூரத்தில் இருக்கும் தம்பியை அக்காவே காட்டிக்கொடுத்தாள் என்று ஆகும். நீ திரும்ப, இல்லை என்று எழுதிவிடுவாய். உன்மேல் எனக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை போய்விட்டது.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை எழுத இன்றைக்குத் தெம்பில்லை.

கிரிசெல்

டனீடன்
11 அக்டோபர் 1875

அக்கா,

போனேன். உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். மர்டோ மரக்கட்டைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க மிஸ்டர் டல்கார்னோ" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னான். நான் எதிரே இருந்த இன்னொரு கட்டையில் உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தபோது அவன் என் காலைப் பார்த்தான்.

"இதப் பின்னினது யாரு?"

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மேல்விளிம்புல ரெண்டு வரி கறுப்பு நூல் போட்டுப் பின்றது எங்கம்மா. அது எப்படி உங்க கால்ல?"

சொன்னேன். உன் கடிதத்தில் இருந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், அவள் மன்னிப்புக் கேட்டது, கல் சுமக்கும் வேலையாவது கொடுக்கச் சொன்னது, எல்லாம். அவன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"கழட்டு."

"மர்டோ—"

"கழட்டுடா."

மூட்டை தூக்குகிறவர்கள் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பூட்ஸை அவிழ்த்துக் காலுறை இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

கமிட்டியிடம் சொல்லப்போகிறேன், பத்திரிகையில் போடப்போகிறேன் என்றேன். "இந்த ஊரு என்ன நெனச்சா எனக்கென்ன? பன்னெண்டு வருசம் மூட்ட தூக்கியாச்சு" என்றான். பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் ஒரு கடுதாசி எழுதினேன். கூட்டம் முடிஞ்ச மறுநாளே எழுதினேன். அம்மா, நான் சொன்னேன், அவன்தான் கேக்கல, படத்தச் சொரண்டிட்டான்னு எல்லாத்தையும் எழுதினேன். பதில் வந்துது, உங்க அக்கா கையெழுத்துல. 'மகனே, தப்ப ஒத்துக்கிட்டு எபனேசர்கிட்ட மன்னிப்புக் கேளு'ன்னு எங்கம்மா சொன்னதா இருந்துது. பெத்தவளே நம்பலயேன்னு அதோட எழுதறத விட்டுட்டேன்."

அக்கா, அந்தக் கடிதத்தில் நீ என்ன படித்தாய்?

நான் இதைக் கேட்கத் தகுதியில்லாதவன். இருந்தாலும் அவன் கேட்கச் சொன்னான். இன்னொன்றும் சொன்னான். "நான் இப்ப எழுதினா, தப்ப மறைக்கறான்னு ஊரு சொல்லும். உன் கையால எழுதினது, உன் வீட்டு அடுக்களையில, அன்னிக்கு என்னப் பாத்துச் சிரிச்சவங்க அத்தன பேரையும் உக்கார வெச்சுப் படிக்கணும். எங்கம்மா காதுல விழணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

மே மாதம் நான் எழுதியதை எடு. உரக்கப் படிக்காதே என்ற வரியை அடித்துவிடு. படி.

வெள்ளிக்கிழமை கமிட்டியின் முன் நின்றேன். பழைய படத்தை மேசைமேல் விரித்து, சுரண்டின இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். தலைவர், "இத்தன வருசம் கழிச்சு இப்ப ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார். ஒருவர்கூடத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. வெளியே வரும்போது ஒருவரும் கை கொடுக்கவில்லை. பத்திரிகையில் வந்ததை வெட்டி இதில் வைத்திருக்கிறேன். மலைமேல் கட்டும் தேவாலயம் இனி என் கையில் இல்லை. அலுவலகத்துப் பலகையை நானே இறக்கிவிட்டேன்.

எபி

எல்ஜின்
17 டிசம்பர் 1875

எபி,

நீ கேட்டதற்கு முதலில் பதில்.

மர்டோவின் கடிதத்தைப் படிக்க அவள் அறுபத்துமூன்றில் என்னிடம் கொண்டுவந்தாள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் உன் கடிதம் வந்து ஊரே சிரித்து முடித்திருந்தது. முதல் பாதியைப் படித்தேன், கப்பல், சாப்பாடு, குளிர். பிறகு உன் பெயர் வந்தது. என் தம்பி பொய் சொன்னான் என்று எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தை மடித்து அடியில் வைத்துவிட்டு, "வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சும்மா, வருத்தமா இருக்குன்னு எழுதியிருக்கான்" என்றேன். குடிகாரன் மகன், வாய்க்கு வந்தபடி பழி போடுகிறான் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே பதில் சொன்னாள், நான் எழுதினேன். அப்பா அன்று சொன்னது அதற்குப் பிறகும் என் காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நீ ஒரு அம்பைச் சுரண்டினாய். நான் ஒரு தாயிடம் பிள்ளையின் குரலையே மறைத்தேன். உனக்குக் கட்டளையிட்டு எழுதினேனே போன கடிதத்தில், அப்போதும் இதைச் சொல்லத் துணிவில்லை. உன்னைவிட நான் எந்த விதத்தில் உசத்தி?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லாரையும் கூப்பிட்டேன். தபால் வராத நாளில் எதற்கு என்று ஜீன் கேட்டாள். வா, தெரியும் என்றேன். பெரியம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அப்பாவின் நாற்காலியில் உட்காரவைத்தேன். இம்லா நின்றார்.

பத்திரிகையில் வந்ததை முதலில் படித்தேன். பிறகு நீ மே மாதம் எழுதியதை, குடையிலிருந்து தொடங்கிக் கடைசிவரை. அடித்துவிடச் சொன்ன வரியை அடிக்கவில்லை, அதையும் படித்தேன். மூலம் என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். இம்லா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மர்டோவின் கடிதத்தை நான் எப்படிப் படித்தேன் என்பதை, உனக்கு மேலே எழுதியிருக்கிறேனே, அதே வார்த்தைகளில் அவர்களிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமா சொல்லு என்று ஜீன் சொன்னாள். சத்தமாகச் சொன்னேன்.

பெரியம்மா அழவில்லை, என்னைத் திட்டவில்லை. ரவிக்கைக்குள் கையை விட்டு ஒரு கடிதத்தை எடுத்தாள். மடித்து மடித்துக் கிழிந்து, பின்னால் துணி ஒட்டித் தைத்து வைத்திருக்கிறாள். அறுபத்துமூன்றில் வந்த அதே கடிதம். எழுத்து தெரியாத கையோடு இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறாள்.

"இதப் படி. இந்தத் தடவ முழுசா."

படித்தேன். நீ எழுதியதும் அவன் எழுதியதும் ஒன்றுதான், எபி, அரை நாள் வேலை என்று சொன்னதுகூட அப்படியே இருக்கிறது. "என் நிழல் தெக்கால விழுதும்மா, நீ இங்க வந்தா அதப் பாத்து பயந்துடுவ" என்று அவளுக்காக ஒரு வரி கூடுதலாக இருந்தது. அந்த இடம் வந்ததும் அவள் கையைத் தூக்கினாள்.

"அத மறுபடி படி."

படித்தேன். மறுபடி என்றாள். நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை அவள் சிரித்தாள். "என் புள்ள மொதல்லயே பாத்துட்டான். படிச்சவனுக்குத் தெரியாதது இவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். இம்லா அவள் முன்னால் மண்டியிட்டு என்னவோ சொன்னார், அவள் கவனிக்கவில்லை.

மர்டோவுக்கு அவள் சொல்லி எழுதிய கடிதம் இதே கப்பலில் வருகிறது. எழுதியது நான் இல்லை. ஜீன் எழுதினாள்.

வியாழக்கிழமை ரொட்டி வாங்கப் போனேன். பெரியம்மா எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தாள். மர்டோவின் கடிதம் ஜீன் கையில் இருந்தது. ஜீன் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக அவளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், நான் ஞாயிற்றுக்கிழமை எதையாவது விட்டிருக்கிறேனா என்று பார்க்க. நான் எதையும் விடவில்லை. ஆனாலும் கடைசி வரி வரும்வரை கதவோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

கிரிசெல்